காற்றுக் குழாய்க்குள் தண்ணீர்

(கோவை வட்டாரத்தில் ஆலைப் பராமரிப்புப் பணியாளர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். 200 சி.எஃப்.எம். கம்ப்ரசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 50 எச்.பி. மோட்டார் போட்டது; நம் பக்கத்து நடுத்தர ஆலைகளில் சாதாரணமாகப் பார்க்கும் அளவு. மழைக்காலம். வெளியே 30 டிகிரி வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம். அந்தக் காற்றில் ஒவ்வொரு கனமீட்டரிலும் 24 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கிறது. கம்ப்ரசர் மணிக்கு 340 கனமீட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. பெருக்கிப் பாருங்கள்: மணிக்கு 8 லிட்டர் தண்ணீர். மூன்று ஷிப்டும் ஓடினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 லிட்டர். எண்ணெய் வந்து இறங்கும் இரும்பு பேரல் இருக்கிறதே, அதில் ஒன்று நிறைய. தினமும்.

இந்தத் தண்ணீரை யாரும் ஊற்றவில்லை. காற்றோடு காற்றாக ஃபில்டர் வழியே உள்ளே போகிறது. போனது எங்காவது வெளியே வந்துதான் ஆக வேண்டும். கம்ப்ரசர் அறையிலேயே வெளியேற்றினோமா, இல்லை ஷெட்டுக்குள் இருக்கும் சோலனாய்டு வால்வு வரை போகவிட்டோமா என்பதுதான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம். வால்வு சிக்கிக்கொண்டது என்று நமக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். வால்வைக் கழற்றி மாற்றும் வேலையை நாம் நன்றாகவே செய்கிறோம். வேரைத் தேடிப் போகும் வேலையில்தான் குறை.

காற்று எவ்வளவு ஆவியைத் தாங்கும் என்பதை முடிவு செய்வது வெப்பநிலை. அழுத்தத்துக்கு அதில் பங்கு கிடையாது. ஒரு கனமீட்டர் இடத்தில் 40 டிகிரியில் 51 கிராம் ஆவி இருக்கலாம். 30 டிகிரியில் 30 கிராம். 20 டிகிரியில் 17. 3 டிகிரியில் 6 கிராம்தான். காற்று சாதாரணமாக இருந்தாலும் சரி, ஏழு கிலோ பிரஷரில் இருந்தாலும் சரி, இதே கணக்கு. எட்டு கனமீட்டர் காற்றை ஒரு கனமீட்டராக நெருக்கும்போது எட்டு பங்கு ஆவியும் அந்த ஒரே இடத்துக்குள் வந்துவிடுகிறது. கம்ப்ரசரிலிருந்து வெளியே வரும் காற்று நல்ல சூடாக இருப்பதால் அப்போது ஒன்றும் தெரிவதில்லை. ஆற ஆறத்தான் தண்ணீர் வெளியே வருகிறது.

நம் 200 சி.எஃப்.எம். கணக்கையே தொடர்வோம். ஆஃப்டர் கூலர் சரியாக வேலை செய்து காற்றை 40 டிகிரிக்கு ஆற்றினால், மணிக்கு வந்த 8 லிட்டரில் 6 லிட்டர் அங்கேயே விழுந்துவிடும். மீதி 2 லிட்டருக்குச் சற்று மேல் ஆவியாக முன்னே போகும். ட்ரையர் அதை 3 டிகிரிக்குக் குளிர்வித்தால், தாண்டிப் போவது மணிக்குக் கால் லிட்டருக்கும் குறைவு. அந்தக் கால் லிட்டரும் 3 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால்தான் தண்ணீராகும்; கோவையிலோ திருப்பூரிலோ எந்தக் குழாயும் அவ்வளவு குளிராது. ஆக, இந்த ஊர் ஆலைக்கு வேண்டிய பாதுகாப்பு முழுவதும் கம்ப்ரசர் அறைக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. அங்கே தவறவிட்டதை அதன்பிறகு எந்த மெஷினிலும் சரிவரப் பிடிக்க முடியாது.

மெஷினில் எஃப்.ஆர்.எல். (ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்) இருக்கிறதே, அதில் ஃபில்டர் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். அந்த ஃபில்டர் சுழற்றி எறிவது துளியாக வந்த தண்ணீரை மட்டும். ஆவியாக வருவது அதன் வழியே தாராளமாகப் போய், தாண்டிய பிறகு வால்வுக்குள்ளோ சிலிண்டருக்குள்ளோ ஆறித் தண்ணீராகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் தடுப்புத் தட்டின் மட்டத்தைத் தாண்டிவிட்டால், அந்த ஃபில்டரே தண்ணீரை அள்ளி மெஷினுக்குள் அனுப்பும். நிறைந்து நிற்கும் கிண்ணத்தோடு ஓடும் மெஷினுக்கு ஃபில்டர் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல. இல்லாதிருந்தால்கூட அந்தத் தண்ணீர் ஒரே வீச்சில் போயிருக்காது.

ட்ரையரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம். நம் ஆலைகளில் ட்ரையர் இல்லாத இடம் இப்போது குறைவு. ட்ரையர் இருந்தும் லைனில் தண்ணீர் வரும் இடம்தான் அதிகம். ஏன்?

முதல் காரணம் வாங்கும்போதே தொடங்குகிறது. 200 சி.எஃப்.எம். கம்ப்ரசருக்கு 200 சி.எஃப்.எம். ட்ரையர் என்று வாங்கி வைக்கிறோம். அந்த 200 என்ற எண் எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. ட்ரையர்களின் திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 7183 தரத்தில் ஒரு அடிப்படை நிலைமை, உள்ளே வரும் காற்று 35 டிகிரி, அறை வெப்பம் 25 டிகிரி என்பது. ஐரோப்பியத் தொழிற்கூடத்துக்குப் பொருந்தும் எண்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் நம் கம்ப்ரசர் அறையில் 42 டிகிரி இருக்கும். ட்ரையருக்குள் வரும் காற்று 45 டிகிரிக்கு மேல் இருக்கும். அந்த நிலைமையில் அதே ட்ரையரின் திறன் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ குறைந்துவிடும். அதே தரத்தில் 38 டிகிரியை அடிப்படையாகக் கொண்ட இன்னொரு நிலைமையும் இருக்கிறது. கேட்லாக்கில் எந்த நிலைமை போட்டிருக்கிறது, நம் வெப்பத்துக்கு எவ்வளவு குறைத்துக்கொள்ள வேண்டும் என்று விற்க வருபவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டியிருக்கும். வாங்குங்கள்.

இரண்டாவது காரணம் பஞ்சு. ட்ரையருக்குப் பின்னால் கண்டன்சரின் மெல்லிய தகடுகள் இருக்கின்றன. நூற்பாலையில் மூன்று வாரம் பார்க்காமல் விட்டால் அதன் மேல் கம்பளி விரித்தது மாதிரி பஞ்சு படிந்துவிடும். வெப்பம் வெளியே போகாது. ஃபேன் ஓடும், பச்சை விளக்கு எரியும், சத்தமும் வரும். காற்று மட்டும் குளிராது. ட்ரையர் ஓடுகிறதா என்று கேட்டால் ஓடுகிறது என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: டியூ பாயிண்ட், அதாவது ஆவி தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை, மீட்டரில் என்ன காட்டுகிறது, டிரெயினில் தண்ணீர் வருகிறதா? மழைக்காலத்தில் ஓடும் ட்ரையரின் டிரெயினில் தண்ணீர் வரவில்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை. ஒன்று டிரெயின் அடைத்திருக்கிறது, இல்லை ட்ரையர் குளிர்விக்கவில்லை. இரண்டிலும் தண்ணீர் ஷெட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

மூன்றாவது காரணம் பைபாஸ் வால்வு. ட்ரையர் பழுதுக்காக ஒரு நாள் திறந்துவிட்டிருப்பார்கள். வேலை முடிந்து ட்ரையரை ஓட்டிய பிறகும் பைபாஸ் பாதி திறந்தபடியே மாதக்கணக்கில் இருக்கும். காற்று எப்போதும் எளிய வழியே போகும். பைபாஸ் வால்வின் கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டை கட்டி, திறந்தவர் பெயரும் தேதியும் எழுதச் சொல்லுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஆஃப்டர் கூலர் அழுக்கேறி, காற்று 40 டிகிரிக்குப் பதிலாக 50 டிகிரியில் வெளியேறினால் என்ன ஆகும்? மணிக்கு 2.2 லிட்டராக இருந்த ஆவி 3.7 லிட்டராகிறது. பத்து டிகிரியில் ட்ரையரின் சுமை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. ட்ரையரைத் திட்டுவதற்கு முன் அதற்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

காற்று லைனில் புகுந்த கொஞ்சம் தண்ணீர் எதுவரை கொண்டு போய்விடும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு சம்பவம் இருக்கிறது. 1979 மார்ச் 28. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம், இரண்டாம் அலகு. அந்தப் பெயரைக் கேட்டால் உலை உருகியதுதான் எல்லோருக்கும் நினைவு வரும். அது தொடங்கிய இடம் நம்மைப் போன்ற ஃபிட்டர்கள் தினமும் கை வைக்கும் இடம். கண்டன்சேட் தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டி ஒன்றில் ரெசின் மணிகள் அடைத்துக்கொண்டன. தண்ணீரும் காற்றும் அடித்து அந்த அடைப்பை எடுக்க முயன்றார்கள். ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு மூடாமல் திறந்தபடி சிக்கியிருந்தது. அதன் வழியே தண்ணீர், கருவிகளை இயக்கும் காற்று லைனுக்குள் புகுந்தது. உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஏறத்தாழ பதினொரு மணி நேரம் கழித்து, விடியற்காலை 4 மணிக்கு, காற்றால் இயங்கும் வால்வுகள் மூடிக்கொண்டன, நீராவி ஜெனரேட்டருக்குத் தண்ணீர் அனுப்பும் பம்புகள் நின்றன, டர்பைன் நின்றது.

அதற்குப் பிறகு அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த ஒரு வால்வு மூடாமல் சிக்கியதும், அது மூடிவிட்டதாக இயக்குபவர்கள் நம்பியதும்தான் உலையின் உள்ளகத்தில் பாதியளவு உருகக் காரணமாயின. அந்த இரண்டாவது வால்வு சிக்கியதற்கு ஈரம் காரணமில்லை; அதையும் இதன் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் முதல் தடுமாற்றத்துக்கு வழிவிட்டது காற்று லைனில் இருந்த தண்ணீர். அதே இடத்தில் அதற்கு முன்பும் காற்று லைனுக்குள் தண்ணீர் புகுந்து வால்வுகள் மூடியது உண்டு. அப்போது பெரிய சேதம் இல்லாததால் மூல காரணம் சரிசெய்யப்படவில்லை. எனக்கு மிகவும் உறைப்பது இந்த ஒரு வரிதான். நம் ஷெட்டில் போன மாதம் ஒரு வால்வு சிக்கியது, மாற்றினோம், ஓடியது. அந்தச் சம்பவம் எந்த நோட்டில் இருக்கிறது?

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1988 ஆகஸ்டில் எல்லா அணுமின் நிலையங்களுக்கும் ஒரு பொதுக்கடிதம் அனுப்பியது. உங்கள் கருவிக் காற்றின் தரம், அதை நம்பி இயங்கும் கருவிகள் கேட்கும் தரத்துக்கு ஒத்திருக்கிறதா என்று சோதித்துச் சொல்லுங்கள் என்பது அதில் ஒரு முக்கியக் கேள்வி. நம் ஆலையில் அந்தக் கேள்வியைக் கேட்க எந்த ஆணையமும் வராது. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். சோலனாய்டு வால்வின் கேட்லாக்கில் சிறிய எழுத்தில் 7:4:4 என்பது போல மூன்று எண்கள் போட்டிருப்பார்கள். ஐ.எஸ்.ஓ. 8573 என்ற தரத்தின்படி முதல் எண் தூசி, இரண்டாவது தண்ணீர், மூன்றாவது எண்ணெய். நடுவில் இருக்கும் 4 என்பதற்குப் பொருள், குழாய் அழுத்தத்திலேயே டியூ பாயிண்ட் 3 டிகிரி அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது. அதாவது நல்ல நிலையில் உள்ள ஒரு சாதாரண ரெஃப்ரிஜரேஷன் ட்ரையர் கொடுப்பதைத்தான் வால்வு செய்தவர் கேட்கிறார். அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது இந்த மேசைக்கு வருவோம். ஐந்து வால்வுகளைத் திறந்து வைத்திருக்கிறேன். எல்லாம் 5/2 ஸ்பூல் வால்வு. எல்லாமே சிக்கிவிட்டதாகக் கழற்றிப் போடப்பட்டவை. ஐந்தும் ஒரே புகாரோடு வந்தாலும் உள்ளே ஐந்து வெவ்வேறு கதைகள்.

முதல் வால்வைப் பாருங்கள். ஸ்பூலின் மேல் தேன் நிறத்தில் ஒரு மெல்லிய படலம். நகத்தால் சுரண்டினால் வராது. விரலை வைத்தால் லேசாகப் பிடிக்கும். இது வார்னிஷ். கம்ப்ரசர் எண்ணெய் அதிக சூட்டில் கெட்டு, ஆவியாகக் காற்றோடு வந்து, இங்கே ஆறிப் படிந்திருக்கிறது. எண்ணெய் கெடும் வேகம் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இந்த வால்வுக்கு மருத்துவம் கம்ப்ரசரின் ஆயில் கூலரிலும் செப்பரேட்டரிலும் இருக்கிறது. வார்னிஷ் படிந்த வால்வு ஓடிக்கொண்டிருக்கும்வரை நகரும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்றுவிட்டுத் திங்கட்கிழமை காலையில் முதல் சிக்னல் வரும்போதுதான் நகராது. ரப்பர் சீலும் படலமும் அந்த ஒரு நாளில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கின்றன. இதற்காகவே சில வால்வு நிறுவனங்கள், வேலை இல்லாவிட்டாலும் 30 நாளுக்கு ஒருமுறையாவது வால்வை இயக்க வேண்டும் என்று கேட்லாக்கில் எழுதியிருக்கின்றன.

இரண்டாவதில் மோர் மாதிரி வெள்ளையாக ஒரு குழம்பு. தண்ணீரும் எண்ணெயும் அடித்துக் கலந்தது. ட்ரையர் வேலை செய்யவில்லை, அல்லது லைனில் தண்ணீர் தேங்கும் பள்ளம் இருக்கிறது. வால்வு செய்யும்போது போட்ட கிரீஸை இந்தக் குழம்பு கழுவிக்கொண்டு போய்விட்டது.

மூன்றாவதில் செந்நிறப் பொடி. இது துரு, ஜி.ஐ. பைப்பின் உட்புறத்திலிருந்து வந்தது. தண்ணீர் துருவை உண்டாக்குகிறது. பிறகு லைன் காயும்போது துரு உதிர்ந்து காற்றோடு பறக்கிறது. பல வருடம் ஈரமாக ஓடிய லைனில் புது ட்ரையர் போட்டதும் முதல் சில வாரம் வால்வுத் தொல்லை கூடும். ட்ரையர் போட்டதால்தான் பிரச்சினை வந்தது என்று அதைக் குறை சொல்லிவிடாதீர்கள். அந்த வாரங்களில் மெஷின் ஃபில்டர்களை அடிக்கடி சுத்தம் செய்தால் போதும்.

நான்காவதில் வெள்ளைப் பொடி, மாவு போல. இது டெசிக்கண்ட் ட்ரையரின் அலுமினா மணிகள் உரசிப் பொடியானது. ட்ரையருக்குப் பிறகு தூசி ஃபில்டர் இல்லை, அல்லது கிழிந்திருக்கிறது. இந்தப் பொடியில் கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால் வால்வு நிறுவனம் கொடுத்த கிரீஸுக்குப் பதில் தேய்க்கும் பேஸ்ட் உள்ளே இருக்கும்.

ஐந்தாவதுதான் எனக்கு வருத்தம் தருவது. தண்ணீரும் இல்லை, துருவும் இல்லை. பைலட் துளை, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தச் சின்ன ஓட்டை, டெஃப்லான் டேப்பின் ஒரு நூலால் அடைந்திருக்கிறது. ஃபிட்டிங் போடும்போது டேப்பை மரையின் நுனிவரை சுற்றிவிட்டார்கள். முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றியிருந்தால் இந்த வால்வு இன்னும் பல வருடம் ஓடியிருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிக்கிய வால்வை மாற்றுவது அவசரத்துக்குச் சரி. உற்பத்தி நிற்கக் கூடாது. ஆனால் கழற்றிய வால்வைத் தொட்டியில் போடாதீர்கள். திறந்து, உள்ளே இருப்பது என்ன நிறம், எப்படிப் பிசுபிசுக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒரு மழைக்காலம் எழுதினால் உங்கள் ஆலையின் கோளாறு எங்கே என்று அந்த நோட்டே காட்டிவிடும். திறந்த ஸ்பூலை எமரி தாளால் தேய்க்க வேண்டாம். ஸ்ப்ரே அடித்து ஓட்டுவதும் வேண்டாம். ஒரு நாள் நகரும், இருந்த கிரீஸையும் கரைத்துவிட்டு மறுபடி நிற்கும். சுத்தம் செய்து, அந்த நிறுவனம் சொன்ன கிரீஸைப் போடுங்கள்.

காயில் எரிவதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஏ.சி. சோலனாய்டு வால்வில் பிளஞ்சர் முழுவதும் உள்ளே போனால்தான் காயிலில் மின்னோட்டம் குறையும். பிளஞ்சர் வெளியே இருக்கும் நிலையில் அதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் ஓடும். பிசுக்கினால் பிளஞ்சர் பாதியில் நின்றுவிட்டால் அந்தப் பெரிய மின்னோட்டம் நிற்காமல் ஓடிச் சில நிமிடத்தில் காயில் கருகும். எலெக்ட்ரீஷியன் வருகிறார், காயில் போச்சு என்கிறார், புதிது மாட்டுகிறார். வோல்டேஜ் சரியில்லை என்று எழுதிவிட்டுப் போகிறார். மறுவாரம் அதே வால்வில் அதே காயில். ஒரே வால்வில் இரண்டாவது முறை காயில் எரிந்தால் மல்டிமீட்டரை வைத்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள். டி.சி. காயிலில் பிளஞ்சர் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் மின்னோட்டம் ஒன்றே. அது இப்படி எரியாது. அதனால் டி.சி. வால்வு சிக்கினால் எந்த வாடையும் வராது, மெஷின் மட்டும் நிற்கும்.

ஆயில் விட வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் ஒவ்வொரு ஆலையிலும் நடக்கிறது. இன்றைய வால்வுகளும் சிலிண்டர்களும் பெரும்பாலும் தயாரிக்கும்போதே கிரீஸ் போட்டு வருபவை. காற்று காய்ந்திருந்தால் எண்ணெய் இல்லாமலே காலத்துக்கும் ஓடும். ஆனால் ஒருமுறை லூப்ரிகேட்டரில் எண்ணெய் விடத் தொடங்கினால் நிறுத்தக் கூடாது. அந்த எண்ணெய் முதலில் இருந்த கிரீஸைக் கழுவிவிடும். பிறகு எண்ணெயும் நின்றால் சீல் வெறும் உலோகத்தில் உரசும். விடுவதானால் வி.ஜி. 32 டர்பைன் எண்ணெய் போன்ற மெல்லியதை, சொன்ன அளவில் விடுங்கள். கம்ப்ரசரிலிருந்து கசிந்து வரும் எண்ணெய் இருக்கிறதே, அதுவே போதுமே என்று சிலர் நினைக்கிறார்கள். சூட்டில் வெந்து வந்த எண்ணெய் அது. மேசையில் இருக்கும் முதல் வால்வைக் காட்டுங்கள் அவர்களுக்கு.

எண்ணெயை மாற்றும்போதும் கவனம் வேண்டும். சில சிந்தெடிக் கம்ப்ரசர் எண்ணெய்கள் நைட்ரைல் ஓ-ரிங்கை ஊதவைக்கும். ஊதிய ஓ-ரிங் ஸ்பூலைப் பிடித்துக்கொள்ளும். அதே எண்ணெய் பாலிகார்பனேட் கிண்ணத்தில் மயிரிழை விரிசலை உண்டாக்கும். கிண்ணத்தை மண்ணெண்ணெயிலோ தின்னரிலோ கழுவினாலும் அதே கதி. ஏழு கிலோ பிரஷரில் அது உடைந்தால் எதிரில் நிற்பவர் கண்ணுக்கு ஆபத்து. சோப்புத் தண்ணீர் மட்டும் போதும்.

அரிசி ஆலைகளிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கலர் சார்ட்டர் மெஷினில் கறுத்த அரிசியைத் தட்டிவிடும் எஜெக்டர் வால்வுகள் நொடியின் சிறு பங்கில் திறந்து மூடுபவை. காற்றில் ஈரம் இருந்து, அதில் தவிட்டுத் தூசியும் சேர்ந்தால், கிடைப்பது பசை. வால்வு முழுவதும் நிற்காது, கொஞ்சம் தாமதிக்கும். தாமதித்தால் கறுப்பு அரிசி தப்பிவிடும், பக்கத்தில் வந்த நல்ல அரிசி வெளியே போகும். மெஷினின் கேமராவைச் சரிசெய்ய ஆள் கூப்பிடுவதற்கு முன் காற்றைப் பாருங்கள். ஏர்-ஜெட் தறியில் ரிலே நாசில் வால்வுகளுக்கும் இதே நிலைமைதான்.

அதிகம் பேர் அறியாத ஒரு விஷயம் இருக்கிறது. ட்ரையர் நன்றாக ஓடுகிறது, டியூ பாயிண்ட் சரி, லைனில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் ஒரே ஒரு சின்ன சிலிண்டரில் மட்டும் தண்ணீர் சேர்கிறது. எப்படி? அந்தச் சிலிண்டர் விரல் பருமன். வால்விலிருந்து அதற்குப் போகும் டியூப் மூன்று நான்கு மீட்டர் நீளம். டியூபுக்குள் இருக்கும் காற்றின் அளவு சிலிண்டரின் கொள்ளளவைவிட அதிகம். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் வால்வு திறந்து காற்று விரியும்போது டியூபில் இருப்பது சட்டென்று குளிர்கிறது. குளிரில் பனிபோல நுண்துளிகள் உண்டாகின்றன. பெரிய சிலிண்டரில் அந்தக் காற்று முழுவதும் வெளியே போய்விடும். இங்கே பாதிக் காற்று வெளியேறாமல் டியூபுக்குள்ளேயே முன்னும் பின்னுமாக ஆடுகிறது. துளிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கிரீஸைக் கழுவி, சிலிண்டர் இழுத்து இழுத்து ஓடத் தொடங்கும். மருந்து எளிது: வால்வைச் சிலிண்டருக்கு அருகில் கொண்டுவந்து டியூபைக் குட்டையாக்குங்கள், முடியாவிட்டால் சிலிண்டர் வாயிலேயே குயிக் எக்ஸாஸ்ட் வால்வு போடுங்கள். ட்ரையரை மாற்றி, ஃபில்டரை மாற்றி, சிலிண்டரையும் இருமுறை மாற்றிவிட்டு, கடைசியில் டியூபை வெட்டிக் குறைத்ததும் தீர்ந்துபோன இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

லைன் போடுவதைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்குத் தெரிந்ததுதான். மெயின் லைன் காற்று போகும் திசையில் நூறடிக்கு ஓரடி சரிய வேண்டும். மெஷினுக்கு இறங்கும் கிளையை மெயினின் மேல்பக்கத்திலிருந்து வளைத்து எடுக்க வேண்டும். அடியிலிருந்து எடுத்தால் மெயினில் ஓடும் தண்ணீர் முழுக்க அந்த ஒரு மெஷினுக்கு. தாழ்வான ஒவ்வொரு இடத்திலும் டிரெயின் வேண்டும். கம்ப்ரசர் அறைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் வெட்டவெளியில் போகும் குழாயை மறக்க வேண்டாம். ட்ரையர் சரிவரக் குளிர்விக்காதபோது, மார்கழி இரவில் முதலில் குளிர்ந்து தண்ணீர் விடுவது அதுதான். பகலில் இல்லாத தண்ணீர் மூன்றாம் ஷிப்டில் மட்டும் வருகிறது என்று யாராவது சொன்னால் அந்தக் குழாயைப் போய்ப் பாருங்கள். அவர் தூக்கக் கலக்கத்தில் சொல்கிறார் என்று தள்ளிவிடாதீர்கள்.

டிரெயின் வேலையை யார் செய்கிறார்கள் என்பதிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆலையிலேயே குறைந்த சம்பளத்துக்கு இருப்பவரிடம், காரணம் எதுவும் சொல்லாமல், காலையில் போய் அந்த வால்வைத் திறந்துவிட்டு வா என்கிறோம். அவரும் திறக்கிறார், புஸ்ஸென்று சத்தம் வந்ததும் மூடுகிறார். சத்தம் வந்த பிறகும் தண்ணீர் இருக்கும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பேரல் தண்ணீர் வருகிறது என்ற கணக்கை அவரிடம் சொல்லுங்கள். டிரெயின் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, அளவையும் நிறத்தையும் அவரையே எழுதச் சொல்லுங்கள். நேற்று பத்து லிட்டர், இன்று மூன்று லிட்டர், மழை நிற்கவில்லை என்றால் ஏதோ அடைத்திருக்கிறது என்று உங்களுக்கு முன்பே அவர் வந்து சொல்வார். ஆட்டோ டிரெயின் இருக்கும் இடத்திலும் டெஸ்ட் பட்டனை வாரம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மிதவை ஒட்டிக்கொள்வதும் அதே பிசுக்கினால்தான்.

கடைசியாக, பிரஸ் ஷாப்களில் வேலை செய்பவர்களுக்கு. இதுவரை பேசியது உற்பத்தி, செலவு. இனி சொல்வது கை, விரல். நியூமாட்டிக் கிளட்ச் உள்ள பவர் பிரஸ்ஸில் வால்வு திறந்த நிலையில் சிக்கினால், நிற்க வேண்டிய ராம் இன்னொரு முறை இறங்கும். அதனால்தான் அங்கே இரட்டை வால்வு போடுகிறார்கள்: உள்ளே இரண்டு தனித்தனி வால்வுகள், ஒன்று சிக்கினாலும் மற்றது காற்றை வெளியே விட்டுவிடும், பிரஸ் அடுத்த அடிக்குப் போகாமல் நின்றுவிடும். அப்படி நின்ற வால்வைத் தொல்லை என்று கழற்றிவிட்டு, விலை குறைவான ஒற்றை வால்வை மாட்டும் இடங்கள் இருக்கின்றன. முதலாளிகள் யாராவது இங்கே இருந்தால் நேரடியாகவே கேட்டுக்கொள்கிறேன்: அதைச் செய்யாதீர்கள். அந்த வால்வு வேலை செய்ததால்தான் மெஷின் நின்றது.

எந்த மெஷினிலும் சிக்கிய வால்வை ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் தட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தட்டினால் ஸ்பூல் நகரும். நகர்ந்த நொடியில் சிலிண்டர் முழு பலத்தோடு பாயும். 100 மில்லிமீட்டர் சிலிண்டர் ஆறு கிலோ பிரஷரில் ஏறத்தாழ 470 கிலோ தள்ளும். மறுபக்கத்தில் கை வைத்திருக்கும் உதவியாளர் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனாக இருக்கலாம். முதலில் ஷட்-ஆஃப் வால்வை மூடிப் பூட்டுப் போடுங்கள். லைனில் மிஞ்சிய காற்றை வெளியே விட்டு கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததைக் கண்ணால் பாருங்கள். தூக்கி நிற்கும் பாரம் ஏதாவது இருந்தால் கட்டை கொடுங்கள். அதன் பிறகு வால்வைத் தொடுங்கள்.

உங்கள் கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. திறந்த வால்வுகள் மேசையிலேயே இருக்கும். மாணவர்கள் முன்னே வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம்.